கணவாய் ஈன்ற பச்சைப்பாம்பு

தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலைக் கடக்கும்போது காற்று ஆளைத் தள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மேற்கே திரும்பிப் பார்த்தால் அந்தக் காற்று வரும் வழி தெரியும். இடப்பக்கம் குற்றாலத்துத் திரிகூட மலை. வலப்பக்கம் பண்பொழி, மேக்கரைப் பக்கத்து மலைகள். இரண்டுக்கும் நடுவே, செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைக்கு மேற்கே, மலைத்தொடர் சட்டென்று தாழ்ந்து வழிவிடுகிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுக் கணவாய் என்றும் சொல்வார்கள். கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் இந்த வழியாக நுழைந்து வருவதால்தான் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கும் தென்காசிக்குச் சாரல் கிடைக்கிறது. குற்றாலத்துச் சீசனுக்கும் இந்தக் கணவாயின் தயவு உண்டு.

சாரலைப் பற்றிப் பாடாத புலவர் இல்லை, எழுதாத பத்திரிகை இல்லை. இதே கணவாய் ஓர் உயிரினம் தனியாகப் பிறக்கவும் காரணமாக இருந்திருக்கிறது என்பது மட்டும் ஊருக்குள் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. அந்த உயிர் ஒரு சிறிய பச்சைப்பாம்பு. அறிவியல் அதற்கு வைத்த பெயர் அஹேடுல்லா திருவாங்கூரிகா. பெயர் வைத்த ஆண்டு 2020. பாம்பு பிறந்ததோ மனிதன் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பு.

பச்சைப்பாம்பைத் தெரியாத தமிழர் குறைவு. வேலியிலும் கொடியிலும் மருதாணிச் செடியிலும் பச்சைக் குச்சியோடு குச்சியாகத் தொங்கும். காற்றடித்தால் கிளை எப்படி ஆடுகிறதோ அப்படியே தானும் ஆடும். கண்கொத்திப் பாம்பு என்று பயந்து அடித்துக் கொல்கிற ஊர்களும் உண்டு; பிடித்து உருவிவிட்டால் சமையலில் கைமணம் வரும் என்று நம்புகிற ஊர்களும் உண்டு. இரண்டு நம்பிக்கைகளாலும் பாம்புக்குத்தான் கஷ்டம். கண்ணைக் கொத்தும் என்ற பயம் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. சிங்களத்திலும் இதற்குக் கண்ணைக் குத்துவது என்ற பொருளில்தான் பெயர். விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டதும் அந்தப் பெயரைத்தான்.

உண்மையில் இதன் உடம்பில் வியந்து பார்க்க வேண்டியது இதன் சொந்தக் கண்தான். பெரும்பாலான பாம்புகளின் கண்மணி வட்டமாகவோ செங்குத்துக் கீற்றாகவோ இருக்கும். பச்சைப்பாம்பின் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டு, சாவித்துவாரம் போல இருக்கும். கண்ணுக்கு முன்னால் முகத்தின் இரு பக்கமும் பள்ளமாக ஒரு கோடு ஓடுகிறது. இரண்டு கண்களும் அந்தக் கோட்டின் வழியே முன்னோக்கி ஒரே இடத்தைப் பார்க்க முடியும் என்பதால் இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இதனால் அளந்துவிட முடிகிறது. கிளையில் அசையாமல் கிடந்து, ஓணானோ தவளையோ எட்டும் தூரத்துக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொள்ளும்.

பிடித்த பிறகுதான் நஞ்சு. நாகத்துக்கும் விரியனுக்கும் நச்சுப்பல் வாயின் முன்பக்கம் இருப்பதால், தொட்ட மாத்திரத்தில் நஞ்சு இறங்கிவிடும். பச்சைப்பாம்புக்கு நச்சுப்பல் மேல்தாடையின் பின்பக்கம், கண்ணுக்குக் கீழே இருக்கிறது. உள்ளே துளை கிடையாது, வெளியே ஒரு வரிப்பள்ளம் மட்டும்தான். இரையைக் கவ்வி, மென்று, பின்பல் வரைக்கும் உள்ளே தள்ளினால்தான் நஞ்சு அந்தப் பள்ளத்தின் வழியே கசிந்து இறங்கும். ஓணானுக்கு அது போதும். மனிதரைக் கடித்தால் வலி, கொஞ்சம் வீக்கம், சிலருக்கு மரமரப்பு, பெரும்பாலும் அவ்வளவோடு போய்விடும். மிரட்டினால் கழுத்தை உப்பவைத்து, செதில்களுக்கு இடையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தோலைக் காட்டி, வாயை அகலத் திறக்கும். அது பயந்த பிராணியின் வேஷம். முட்டையிடுகிற வழக்கமும் இதற்கு இல்லை, குட்டிதான் போடும்.

இந்தப் பாம்பின் பிறந்த கதைக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. ஒன்று மலையில் நடந்தது, இன்னொன்று காகிதத்தில். காகிதத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சிறியது.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் நீண்ட மூக்குள்ள பச்சைப்பாம்பு ஒன்றை விவரித்து எழுதினார்கள். அது நாளடைவில் அஹேடுல்லா நசூட்டா என்று நிலைத்தது. இலங்கையில் கண்டாலும், தரங்கம்பாடியில் கண்டாலும், மும்பைக்குப் பக்கத்து மலையில் கண்டாலும் பச்சையாக, ஒல்லியாக, மூக்கு நீண்டிருந்தால் அது நசூட்டாதான் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 230 வருஷம் இதுவே நடந்தது. நடுவில் சிலர் வித்தியாசம் கண்டார்கள். 1825இல் தாமஸ் பெல் என்ற ஆங்கிலேயர் இந்தியப் பாம்புக்கு ஆக்சிரிங்கா என்று வேறு பெயர் கொடுத்தார், அது எடுபடவில்லை. மலைகளின் உச்சியில் வாழும் மூக்கு நீளாத குட்டை இனங்கள் மட்டும் தனியாகத் தப்பின. நீலகிரியில் கிடைத்ததற்குப் பாண்டிச்சேரியில் இருந்த தாவரவியலாளர் பெரோட்டெட்டின் பெயரை வைத்து 1854இல் பெரோட்டெட்டி என்றார்கள். ஆனைமலையில் கிடைத்ததற்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆல்பர்ட் குந்தர் 1864இல் டிஸ்பார் என்று பெயர் சூட்டினார்.

நம்முடைய பாம்பு இந்த டிஸ்பாரின் நிழலில்தான் இவ்வளவு காலம் மறைந்து கிடந்தது. கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கத்தில் யாராவது இந்தக் குட்டைப் பச்சைப்பாம்பைக் கண்டால் ஆனைமலையின் டிஸ்பார் இங்கேயும் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். டிஸ்பாரோ புல்வெளியும் சோலையும் கலந்த மிக உயரமான இடங்களை விரும்புவது. நடுவில் ஒரு கணவாயும் நூற்றுக்கணக்கான மீட்டர் தாழ்ந்த வெப்பக் காடும் கிடக்கும்போது, அதே பாம்பு எப்படி அகத்தியமலையிலும் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கதையின் திருப்பம் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கார்த்திக் சங்கரின் குழுவினர். அசோக் குமார் மல்லிக், அச்சுதன் ஸ்ரீகாந்தன், சௌனக் பால், பிரின்சியா டிசோசா, சென்னைப் பாம்புப் பண்ணையின் எஸ்.ஆர். கணேஷ் ஆகியோர் சேர்ந்து வேலை செய்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் சமவெளியிலும் பச்சைப்பாம்புகளைத் தேடி, செதில்களை எண்ணி, தலையையும் மூக்கையும் அளந்து, திசுவில் இருந்து மரபணுவைப் படித்தார்கள். இந்த உழைப்பின் முதல் விளைச்சல் 2019இல் வெளிவந்தது. அகத்தியமலையில் கிடைத்த ஒரு பாம்பு, பார்வைக்குப் பச்சைப்பாம்பு மாதிரியே இருந்தாலும், செதில்களின் நடுவே மேடு கட்டியிருந்தது. மரபணுவைப் பார்த்தபோது அது மற்ற பச்சைப்பாம்புகளை விட்டு ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட பழங்குடி என்று தெரிந்தது. அதற்காகத் தனிப் பேரினமே உண்டாக்கி, புரோஅஹேடுல்லா ஆன்டிக்வா என்று பெயர் வைத்தார்கள். அதே 2019இல், நவம்பர் 22ஆம் தேதி, தென்காசி தனி மாவட்டமானது. நம் மலையின் கிழவியை நாம் அறிந்துகொண்ட வருஷமும் அதுதான்.

அடுத்த ஆண்டு, 2020இல், ஜூடாக்சா என்ற ஆய்விதழில் பெரிய கட்டுரை வந்தது. நசூட்டா என்று பொதுப்பெயரில் கிடந்த கூட்டம் உடைந்தது. நசூட்டா இலங்கைக்கு மட்டும் உரியது என்றானது. நம் சமவெளியில், வேலியில், தென்னந்தோப்பில், குற்றாலத்து அடிவாரத்தில் தொங்கும் நீண்ட மூக்குக்காரனுக்குப் பெல் கொடுத்த ஆக்சிரிங்கா என்ற பழைய பெயர் திரும்பிக் கிடைத்தது. மலைக்காட்டுக் குட்டை இனங்கள் வடக்கிலிருந்து தெற்கே வரிசையாகப் பிரிந்தன. புதிதாகப் பெயர் பெற்றவை ஐந்து. அவற்றில் கடைக்கோடித் தெற்கில், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வது அஹேடுல்லா திருவாங்கூரிகா. ஆனைமலை டிஸ்பாரைப் போலவே தோன்றினாலும் மரபணு தெளிவாக வேறு, வாழும் மலையும் வேறு.

காகிதக் கதை இவ்வளவுதான். இனி மலைக்கதை.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 1600 கிலோமீட்டர் ஓடுகிறது. தெற்குப் பாதியில் அதைப் பெரிதாக உடைப்பவை இரண்டே இடங்கள். பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். செங்கோட்டைக் கணவாய் குறுகலானது, ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அது உட்கார்ந்திருக்கிற இடம் மிகப் பழையது. அச்சன்கோவில் பிளவு வலயம் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறை முறிவு இந்தப் பகுதியில் ஓடுகிறது. ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் இலங்கையும் ஒட்டிக் கிடந்த காலத்தில், பூமியின் அடியில் பாறை நசுங்கி இழுபட்டு உண்டான வடு அது. நசுங்கிய பாறை மற்றப் பாறையைவிட எளிதில் கரையும்.

அப்படிக் கரைந்து தாழ்ந்த இந்தப் பள்ளத்தின் இரு பக்கமும் ஈரக்காடு. உயரே போகப் போகக் குளிர், மூடுபனி, பாசி, வெடிப்பலா மரங்கள், அட்டை. இந்தக் குளிர்ச்சிக்கே பழகிய ஒரு சிறு பாம்பு, மரத்தை விட்டுத் தரையில் நெடுந்தூரம் ஊராத பாம்பு, தாழ்ந்த சூடான பள்ளத்தைக் கடந்து எதிர்மலைக்குப் போகாது. பூமி குளிர்ந்திருந்த காலங்களில் மலைக்காடு கீழே இறங்கி, இரு கரையும் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். அப்போது பாம்பும் தவளையும் பறவையும் அந்தப் பக்கம் போயிருக்கும். பிறகு வெப்பம் ஏறி, காடு மறுபடி உயரத்துக்குச் சுருங்கியபோது அந்தப் பக்கம் போனவை அங்கேயே நின்றுவிட்டன. பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி குடும்பங்கள் போல, தனித்தனிச் சமையல், தனித்தனி வாரிசு. கொள்வினை கொடுப்பினை நின்று போனால் போதும், தலைமுறைக்குத் தலைமுறை இரு பக்கத்து மரபணுவிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் தனித்தனியாகச் சேரும். ஒருநாள் திடீரென்று புதிய இனம் பிறப்பதில்லை. பல ஆயிரம் தலைமுறைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால் இரண்டாகியிருக்கும்.

வரைபடத்தில் இதை வைத்துப் பார்த்தால் மனம் கொள்ளாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் பெரோட்டெட்டி. இரண்டு கணவாய்க்கும் நடுவே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் டிஸ்பார். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே திருவாங்கூரிகா. மலையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குட்டைப் பச்சைப்பாம்பு.

பாம்போடு நின்றிருந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம். பறவைகளும் இதையே சொல்கின்றன. சோலைக்காட்டுச் சிரிப்பான்களையும் சோலைக்கிளி என்று மலைமக்கள் அழைக்கும் சிறு குருவிகளையும் திருப்பதி இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வி.வி. ராபினும் நண்பர்களும் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலையை உள்ளடக்கிய அசம்பு மலைகளில் இருக்கும் சோலைக்கிளி தனி இனம் என்று கண்டு, மலையின் பெயரையே சேர்த்து ஷோலிகோலா அசம்புஎன்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். சிரிப்பானிலும் தெற்கத்தியது தனி. சிறகு உள்ள உயிரே இந்தப் பள்ளத்தைத் தாண்டிப் பழகவில்லை என்றால், கிளை விட்டுக் கிளை நகரும் பாம்பு எப்படித் தாண்டும்?

சமவெளிப் பச்சைப்பாம்புக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒன்றரை மீட்டர் வரை வளரும் அந்த நீண்ட மூக்குக்காரனுக்கு வெயிலும் பழக்கம், புதரும் வேலியும் பழக்கம். மலைக்காட்டுப் பச்சைப்பாம்புக்குச் சுவராக நிற்கும் அதே தாழ்நிலம் இதற்கு வீடு.

நமக்கும் அப்படித்தான். மலை நமக்குத் தடை, கணவாய் நமக்கு வாசல். பொதிமாடுகள் போன தடத்தில் மீட்டர்கேஜ் ரயில் 1904இல் ஓடத் தொடங்கியது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் கட்டி, மலையைக் குடைந்து, செங்கோட்டையைக் கொல்லத்தோடு சேர்த்தார்கள். அகலப்பாதையாக மாறி 2018இல் அதே வழியில் ரயில் மீண்டும் முழுமையாக ஓடியது. பக்கத்திலேயே கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன்மார் வண்டிகள் இரவும் பகலும் ஆரியங்காவைக் கடக்கும். செங்கோட்டை ஊரே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும்தான் இருந்தது. புனலூரில் காட்டிலாகாவில் வேலை பார்த்த வாஞ்சிநாதனுக்குச் செங்கோட்டைதான் சொந்த ஊர். அதனால் இந்தப் பாம்புக்குத் திருவாங்கூர் என்று பெயர் வைத்ததில் நம் பக்கத்து ஆட்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் தாத்தாக்கள் அந்த ராஜ்யத்து ரூபாயில் வரி கட்டியவர்கள். மலையின் இரு சரிவிலும் இன்று இரண்டு மாநிலங்கள் இருக்கின்றன, பாம்புக்கு அது ஒரே மலை.

இயற்கை வைத்த இடைவெளி வேறு, நாம் வைக்கும் இடைவெளி வேறு என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். யானையும் புலியும் இந்தக் கணவாயைக் காலம்காலமாகக் கடந்து வந்தவை. சாலை, ரயில், ரப்பர்த் தோட்டம், தேக்குத் தோட்டம், குடியிருப்பு என்று அடுக்கடுக்காக வந்து அவற்றின் தடம் நைந்துவிட்டது. மலைக்காட்டுப் பச்சைப்பாம்பு லட்சக்கணக்கான ஆண்டு அவகாசத்தில் தனியாகப் பிரிந்து தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டது. நூறு வருஷத்தில் துண்டிக்கப்படும் யானைக் கூட்டத்துக்கு அந்த அவகாசம் இல்லை. கணவாய் பிரித்தால் புது இனம் வரும் என்று இதிலிருந்து யாரும் சமாதானம் தேடிக்கொள்ளக் கூடாது.

திருவாங்கூரிகா தனி இனம் என்று தெரிந்ததில் கவலை ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. டிஸ்பார் என்று நினைத்திருந்தவரை, அகத்தியமலையில் அழிந்தாலும் ஆனைமலையில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. இனி அப்படிச் சொல்ல முடியாது. இதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சொத்து, குற்றாலத்தில் தொடங்கித் தெற்கே மகேந்திரகிரி நோக்கிப் போகும் இந்த ஒற்றை மலைத்துண்டுதான். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், நெல்லை வனவிலங்கு சரணாலயம், கேரளப் பக்கம் செந்துருணி, பேப்பாறை, நெய்யாறு என்று காவல் இருக்கிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. காகிதத்தில் குறை இல்லை. ஆனால் பூமி சூடாகும்போது குளிர்விரும்பி உயிர்கள் மேலே ஏறிக்கொண்டே போகும், உச்சிக்கு மேல் ஏற இடம் இல்லை. கணவாய்க்கு வடக்கே போகவும் வழி இல்லை. தன்னைப் பெற்ற பள்ளமே தன்னைச் சிறைவைத்திருக்கிற நிலைமை இதற்கு.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இந்தப் பாம்பு நமக்கு மிக அருகில் இருந்தபடியே இவ்வளவு காலம் பெயரில்லாமல் இருந்தது. அமேசானுக்குப் போக வேண்டியதில்லை. லட்சக்கணக்கான பேர் அருவியில் நனைய வரும் மலைத்தொடரின் மேலே, 2019இல் ஒரு பழங்குடிப் பாம்பும் 2020இல் ஒரு புதுப் பாம்பும் பெயர் பெற்றன. இன்னும் பெயர் பெறாத தவளையும் பூச்சியும் செடியும் அங்கே இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். தென்காசி, திருநெல்வேலிக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கதையை வகுப்பில் கேட்க வேண்டும். பாடப்புத்தகத்தில் டார்வினின் கலாபகஸ் தீவுக் குருவிகளைப் படிக்கிறார்கள், நல்லதுதான். அதே பாடம் தங்கள் ஊர் ஜன்னலுக்கு வெளியே கணவாயாகவும் மலையாகவும் நிற்கிறது.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகிற வழியில் செடியிலோ சுவரோரத்திலோ பச்சைப்பாம்பைப் பார்த்தால் கம்பைத் தேடாதீர்கள். அது கண்ணைக் கொத்தாது, உருவினால் சமையலும் வராது. இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், போக விடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம்.